நாட்பட்ட வலிக்கு நடையும் நாரும்

வலியைத் தணிப்பது மருத்துவத்தின் தலையாய கடமை என்பதைச் செயலில் காட்டிய மாநிலங்களுள் கேரளத்திற்குத் தனியிடம் உண்டு. 1993-ஆம் ஆண்டில் கோழிக்கோட்டில் சிறிய அளவில் தொடங்கிய வலி தணிப்புப் பணி நாளடைவில் மாநிலமெங்கும் பரவிற்று. 2003-இல் டாக்டர் எம். ஆர். ராஜகோபாலின் முயற்சியால் திருவனந்தபுரத்தில் பாலியம் இந்தியா என்னும் அமைப்பு தோன்றியது. 2008-இல் கேரள அரசு தணிப்புப் பராமரிப்புக்கெனத் தனிக் கொள்கை வகுத்தது. இந்திய மாநிலங்களுள் இத்தகைய கொள்கையை முதலில் வகுத்தது கேரளமே. 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தினால் புற்றுநோயாளிக்குங்கூட எட்டாக்கனியாய் இருந்த மார்பின், 2014-இல் அச்சட்டம் திருத்தப்பட்ட பின்னர் ஓரளவு கிட்டலாயிற்று. இன்று ஊராட்சியின் செவிலி பையைத் தூக்கிக்கொண்டு நோயாளியின் வீட்டுத் திண்ணைக்கே வந்து சேர்கிறார். பிற மாநிலத்தார் கண்டு கற்கத்தக்க ஏற்பாடு இது.

ஆனால் அச்செவிலி செல்லும் அதே தெருவில், அவருடைய பதிவேட்டில் இடம்பெறாத மற்றொரு வலியும் குடியிருக்கிறது. திருவனந்தபுரத்திற்குத் தெற்கே பலராமபுரத்தில், தலைமுறை தலைமுறையாகக் குழித்தறியில் கால் மிதித்து நெய்துவரும் நெசவாளரின் இடுப்பு வலி. வடக்கே சிறயின்கீழ், அஞ்சுதெங்குக் கரையோரத்தில், இளமையெல்லாம் தேங்காய் மட்டை அடித்து, ராட்டில் பின்னோக்கி நடந்து கயிறு திரித்த பெண்களின் தோள்வலி. விழிஞ்ஞத்தில் வலை இழுத்தவரின் முதுகு வலி. நகரத்து அலுவலகங்களில் நாற்காலியை விட்டு எழாதவரின் கழுத்து வலி. இவை உயிரைக் கொல்லும் நோயின் வலி அன்று. இவற்றிற்கு மார்பின் மருந்தும் அன்று. எனினும் ஆண்டுக்கணக்கில் உறக்கத்தையும் கூலியையும் பறிப்பவை இவையே. 2011-ஆம் ஆண்டின் மக்கட்கணக்குப்படி கேரள மக்களுள் நூற்றுக்குப் பன்னிருவருக்கு மேல் அறுபது வயது கடந்தவர். இந்தியா முழுவதிலும் அவ்விகிதம் ஒன்பதுக்குக் குறைவு. ஆகவே இவ்வலியின் சுமை பிற மாநிலங்களைவிட இங்கு முன்னதாகவே வந்து சேர்ந்துள்ளது.

இத்தகைய வலிக்கு மாத்திரையை முதலில் நீட்டும் வழக்கம் மாற வேண்டும். உடற்பயிற்சி முதலிடம் பெற வேண்டும். குடலின் நலத்தைப் பேணும் உணவு அதற்குத் துணையாக அமைய வேண்டும். ஆயினும் இவ்விரண்டையும் ஒரே உறுதியோடு எடுத்துரைத்தல் கூடாது. உடற்பயிற்சிக்குச் சான்று வலுவானது. குடல் பற்றிய அறிவோ இன்னும் இளம்பயிர். இவ்வேறுபாட்டை மறைத்துப் பேசுவோர் நோயாளிக்கு நன்மை செய்வதாக நினைத்துத் தீமை செய்வர்.

மூன்று மாதத்திற்கு மேல் நீடிக்கும் வலியை நாட்பட்ட வலி என்பர். அடிபட்ட இடத்தில் புண் ஆறும் வரை இருப்பது காவல்வலி. உடலைக் காக்கவே அது தோன்றுகிறது. புண் ஆறிய பின்னும் நிற்காத வலி வேறு வகையைச் சேர்ந்தது. கள்வனைக் கண்டு குரைக்கும் நாய், ஒருமுறை மிரண்டு போனபின் வீட்டுக்காரன் வரும்போதும் குரைப்பதுண்டு. நரம்பு மண்டலமும் அவ்வாறே. இடைவிடாத வலியினால் முதுகுத் தண்டிலும் மூளையிலும் உள்ள நரம்பணுக்கள் கூர்மையேறிச் சிறு தொடுகையையும் பெருவலியாக அறிவிக்கத் தொடங்குகின்றன. 1983-இல் கிளிஃபோர்ட் வூல்ஃப் என்னும் அறிஞர் இதனைப் பரிசோதனை வாயிலாகக் காட்டினார். 2022 முதல் நடைமுறையில் உள்ள உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல், நாட்பட்ட வலியை மற்றொரு நோயின் அறிகுறியாக மட்டும் கொள்ளாமல் தனி நோயாகவும் ஏற்றுக்கொண்டுள்ளது.

கேரள மக்கள் இதை ஏட்டில் படித்து அறிய வேண்டியதில்லை. 2006, 2007-ஆம் ஆண்டுகளில் சிக்குன்குன்யாக் காய்ச்சல் தென் மாவட்டங்களில் பரவியபோது, காய்ச்சல் சில நாளில் விட்டது. மூட்டுவலியோ பலரிடம் மாதக்கணக்கிலும், சிலரிடம் ஆண்டுக்கணக்கிலும் விடாது நின்றது. காய்ச்சல் போனபின் எஞ்சிய வலிக்கு என்ன செய்வதென்று அறியாமல் மக்கள் மாத்திரைக் கடையை நாடினர்.

மாத்திரையின் பயனை மறுப்பதற்கில்லை. திடீரென வந்த வலிக்குச் சில நாள் உட்கொள்ளும் டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் போன்றவை நன்மையே செய்யும். அவற்றை மாதக்கணக்கில், மருத்துவர் அறியாமல் உட்கொள்வதுதான் கேடு. இவை இரைப்பையில் புண்ணை உண்டாக்கும், சிறுநீரகத்தைப் பழுதாக்கும், இரத்த அழுத்தத்தை உயர்த்தும். சிறுகுடலின் உட்சுவரையும் அரித்து இரத்தம் கசியச் செய்யும் என்பது பலரும் அறியாத செய்தி. கடையில் கிடைக்கும் பெயரற்ற 'மூட்டுவலிப் பொடி'களைப் பற்றியோ சொல்லவே வேண்டியதில்லை. அத்தகைய பொடிகளில் ஸ்டீராய்டு மருந்து கலந்திருப்பது பல நாடுகளில் கண்டறியப்பட்டுள்ளது. உண்ட மறுநாளே வலி பறந்துவிடுவதாகப் புகழப்படும் பொடியை ஐயுறுவதே அறிவு.

2021-இல் இங்கிலாந்தின் மருத்துவ வழிகாட்டு நிறுவனம், வேறு காரணம் காணப்படாத நாட்பட்ட வலிக்குப் பாராசிட்டமால், அழற்சி எதிர்ப்பு மாத்திரைகள், அபின் இன மருந்துகள் ஆகியவற்றைப் புதிதாகத் தொடங்க வேண்டாம் என்று அறிவுறுத்திற்று. உடற்பயிற்சியையும் உளவழிச் சிகிச்சையையும் முன்வைத்தது. 2023 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் நாட்பட்ட இடுப்பு வலி பற்றி வெளியிட்ட வழிகாட்டுதலும் உடற்பயிற்சியையும் நோயாளிக்கு விளக்கிச் சொல்லும் கல்வியையும் பரிந்துரைத்தது. அபின் இன மருந்துகளையும், இடுப்புக் கச்சையையும், இழுவைச் சிகிச்சையையும் வழக்கமாகக் கையாள வேண்டாம் என்றது. அழற்சி எதிர்ப்பு மாத்திரைக்கு மட்டும் அது இடமளித்துள்ளது. அவ்வொன்றில் இருசாராரும் முற்றிலும் ஒன்றுபடவில்லை. உடற்பயிற்சி என்பதில் ஒன்றுபடுகின்றனர். 2020-ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 61 கோடியே 90 லட்சம் பேர் இடுப்பு வலியால் வாடினர் என்பதை நோக்கினால், கச்சை விற்போர்க்கு இவ்வறிவுரை உவப்பாய் இராது.

இங்கே களப்பணியாளர் நாள்தோறும் எதிர்ப்படும் ஒரு தடையைப் பற்றி விரிவாகவே பேச வேண்டும். "நாள் முழுவதும் பாடுபடுகிறோமே சிஸ்டர், எங்களுக்கு எதற்குத் தனியாக ஒரு பயிற்சி?" என்று நெசவாளியும் கயிற்றுத் தொழிலாளியும் கேட்கின்றனர். நியாயமான கேள்வி. இதற்கு விடை கூறாமல் 'தினமும் நடங்கள்' என்று மட்டும் சொல்லிச் செல்லும் பணியாளரைத் தொழிலாளர் மதிக்காவிட்டால் குற்றம் தொழிலாளருடையதன்று. விடியற்காலையில் திருவனந்தபுரம் மியூசியத் தோட்டத்தைச் சுற்றி நடப்போரில் பெரும்பாலோர் பகலெல்லாம் அமர்ந்து வேலை செய்வோர். அவர்களுக்கு ஏற்ற அறிவுரையை அப்படியே எடுத்துக் குழித்தறியின் ஓரத்தில் வைப்பது பொருந்தாது.

உழைப்பும் பயிற்சியும் ஒன்றல்ல. தறியில் அமர்ந்தவர் ஒரே நிலையில், ஒரே தசையை, ஒரே திசையில் ஆயிரக்கணக்கான முறை அசைக்கிறார். எப்போது நிறுத்துவது என்பதைக் கூலி தீர்மானிக்கிறது, உடல் தீர்மானிப்பதில்லை. சில தசைகள் ஓய்வின்றித் தேய, அவற்றைத் தாங்க வேண்டிய மற்றத் தசைகள் பயனின்றி மெலிகின்றன. பயிற்சியோ அளவறிந்து தொடங்கி, சிறிது சிறிதாக ஏற்றி, இடையிடையே ஓய்வு தந்து, சோம்பிக் கிடந்த தசைகளை எழுப்புவது. ஆகவே நெசவாளிக்கு வேண்டியது இன்னுமொரு மணி நேர உழைப்பு அன்று. அரைமணிக்கு ஒருமுறை குழியை விட்டு எழுந்து முதுகை நிமிர்த்திப் பின்புறம் வளைத்தல், சுவரில் கைகளை ஊன்றித் தள்ளுதல், குதிகாலை உயர்த்தி நிற்றல், கையூன்றாமல் நாற்காலியில் அமர்ந்து எழுதல் ஆகியவையே போதும். நாளொன்றுக்கு 15 நிமிடம். செலவு ஒன்றும் இல்லை.

வலி எடுக்கும்போது அசைந்தால் எலும்பு மேலும் தேயும் என்னும் அச்சமே மற்றொரு தடை. 'தேய்மானம்' என்னும் சொல் எத்தனையோ பேரைப் படுக்கையில் தள்ளியிருக்கிறது. முதுகெலும்பைப் படமெடுத்துப் பார்த்தால், வலியே இல்லாத ஐம்பது வயதினருள் நூற்றுக்கு 80 பேரிடம் இடைத்தட்டுத் தேய்வு காணப்படுவதாக 2015-இல் வெளிவந்த தொகுப்பாய்வு கூறுகிறது. நரைமுடி போன்று வயதுடன் வருவது அது. படத்தைக் காட்டி அச்சுறுத்துவது எளிது. அந்த அச்சத்தால் நடையைக் கைவிட்டவரை மீண்டும் நடக்க வைப்பது அரிது.

பயிற்சி எவ்வாறு வலியைத் தணிக்கிறது? தசை வலுப்பெற்று மூட்டின் சுமையைப் பகிர்ந்துகொள்வது ஒன்று. உடல் தானே சுரக்கும் வலி தணிப்புப் பொருள்கள் மிகுவது இரண்டு. அசைவு ஆபத்தன்று என்பதை நரம்பு மண்டலம் படிப்படியாகக் கற்றுக்கொள்வது மூன்று. மிரண்ட நாய் மீண்டும் பழகுவது போன்றது இது. 2024-இல் ஆஸ்திரேலியாவில் 701 பேரைக் கொண்டு நடத்திய ஆய்வு ஒன்றின் முடிவு வெளியாயிற்று. இடுப்பு வலியிலிருந்து அண்மையில் மீண்ட அவர்களுள் ஒரு பாதியினர், அளவிட்டு உயர்த்தும் நடைப்பயிற்சியும் விளக்கமும் பெற்றனர். மறுபாதியினர் எதுவும் பெறவில்லை. வலி திரும்ப வரும் வரையிலான இடைக்காலம் பின்னவர்க்கு நடுமட்டமாக 112 நாள். நடந்தவர்க்கு 208 நாள். வலி அறவே ஒழிந்துவிடவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். பயிற்சியின் பயன் மிதமானது, மாயம் அன்று. தொடக்கத்தில் இரண்டொரு வாரம் வலி சற்றுக் கூடுவதும் உண்டு. இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் நோயாளி மூன்றாம் நாளே நிறுத்திவிடுவார்.

இனிக் குடலைப் பற்றி. இடுப்பில் வலி கண்டால் 'வாயுப் பிடிப்பு' என்பது தமிழரிடமும் மலையாளிகளிடமும் நெடுநாளைய வழக்கு. வயிற்றுக் காற்று முதுகில் ஏறிப் பிடித்துக்கொள்கிறது என்னும் கருத்தை உடலியல் ஏற்பதில்லை. ஆயினும் வயிற்றுக்கும் வலிக்கும் உறவு உண்டு என்ற நாட்டார் ஊகம் முற்றிலும் பொய் அன்று. உறவின் வழிதான் வேறு. பெருங்குடலில் கோடானுகோடி பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. மனிதனால் செரிக்கவியலாத நார்ச்சத்தே அவற்றின் உணவு. நாரை நொதிக்கச் செய்து அவை பியூட்டிரேட் முதலிய சிறு கொழுப்பு அமிலங்களை உண்டாக்குகின்றன. இவ்வமிலங்கள் குடற்சுவரை ஊட்டி வளர்க்கின்றன. இரத்தத்தில் கலந்து, அழற்சியைத் தூண்டும் அணுக்களை அடக்கவும் செய்கின்றன. நார் குறைந்தால் இப்பாக்டீரியாக்கள் மெலியும். உடலில் அழற்சி மிகுந்தால் நரம்புகள் மேலும் கூர்மையேறும்.

நடையையும் நாரையும் ஒருங்கே இணைத்துக் காட்டியது, 2021-இல் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஆய்வு. மூட்டுவாதம் உடைய 78 பேருள் 38 பேர் நாளும் 15 நிமிடம் தசை வலுவூட்டும் பயிற்சியை ஆறு வாரம் செய்தனர். 40 பேர் செய்யவில்லை. பயிற்சி செய்தவரின் வலி குறைந்தது. அத்துடன், அழற்சியை அடக்கும் பொருள்களை உண்டாக்கும் பாக்டீரியாக்கள் அவர்கள் குடலில் பெருகியிருந்தன. கஞ்சாவின் பொருளை ஒத்த, ஆனால் உடல் தானே சுரக்கும் சில பொருள்களும் மிகுந்திருந்தன. பயிற்சி தசையோடு நிற்காமல் குடல்வரை எட்டுகிறது என்பது புதுமையான செய்தியே.

புதுமையை மெய்ம்மையாகக் கொள்ளுமுன் நிதானம் வேண்டும். 78 பேர் என்பது சிறு தொகை. 2019-இல் கனடாவின் மான்ட்ரியால் நகர ஆராய்ச்சியாளர், உடலெங்கும் வலி பரவும் ஃபைப்ரோமயால்ஜியா நோயுற்ற 77 பெண்களின் குடற் பாக்டீரியாக்கள் மற்றவருடையவற்றினின்றும் மாறுபட்டிருப்பதைக் கண்டனர். ஆனால் அம்மாறுபாடு வலியின் காரணமா, விளைவா? வலியால் முடங்கியவர் உணவையும் நடையையும் மாற்றிக்கொள்வது இயல்பு. அதனாலும் குடல் மாறியிருக்கலாம். இவ்வையம் தெளிவதற்குள், 'நல்ல பாக்டீரியா' என்று பெயரிட்ட பொட்டலங்கள் கடைகளில் விலையேறி நிற்கின்றன. மூட்டுவலிக்கென்று அவற்றை வாங்கச் சொல்லும் பணியாளர், ஏழையின் பணத்தை ஊகத்தில் செலவிடச் செய்தவராவார். பழங்கஞ்சியைப் பற்றி இன்று பேசப்படும் பெருமைக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். அது நல்ல உணவு. அதனால் மூட்டுவலி தீரும் என்பதற்கு ஆதாரம் இல்லை.

உணவுக்கும் வலிக்கும் உள்ள உறவில் மிக உறுதியானது இவற்றைவிடச் சாதாரணமானது: உடல் எடை. எடை மிகுந்து முழங்கால் வலியுற்றோரிடம் 2013-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில், உணவுக் கட்டுப்பாடும் பயிற்சியும் சேர்ந்தபோது, இரண்டில் ஒன்றை மட்டும் மேற்கொண்டதைவிட வலி குறைந்தது. நாருள்ள உணவு வயிற்றை விரைவில் நிறைக்கும் என்பதால் இங்கும் அது உதவுகிறது. தீட்டிய அரிசி 100 கிராமில் நார் மூன்று கிராமுக்கும் குறைவு. முழுப் பச்சைப்பயறில் சுமார் 17 கிராம். கேரளப் பள்ளிகளில் முன்னாளில் மதிய உணவாக அளித்த கஞ்சியும் பயறும் எளியவர் உணவென்று இகழப்பட்டதுண்டு. பெருங்குடலின் கணக்கில் அது செல்வர் உணவே! மரவள்ளிக்கிழங்கோ பெரும்பாலும் மாவுச்சத்து. 1963 முதல் ஸ்ரீகாரியத்தில் இயங்கும் மத்தியக் கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையத்தின் புகழ்பெற்ற அப்பயிரைப் பயறும் மீனும் கீரையும் துணையாகக் கொண்டே உண்ண வேண்டும். நாரை ஒரே நாளில் கூட்டினால் வயிறு உப்பும்; ஊறவைத்த பயற்றை ஒரு கைப்பிடியில் தொடங்கி, வாரந்தோறும் சிறிது சேர்த்து, நீரும் மிகுதியாகப் பருக வேண்டும். சிறுநீரக நோயாளரும், குடல் எரிச்சல் நோய் உடையோரும் மருத்துவரைக் கேட்டே உணவை மாற்ற வேண்டும்.

'மருந்தின்றி' என்னும் சொல் கவர்ச்சி மிக்கது, அதனாலேயே ஆபத்தானது. புற்றுநோயாளிக்கு வேண்டிய மார்பினை மறுக்க இக்கட்டுரையின் வாதத்தை எவரேனும் எடுத்தாண்டால், அது கேரளம் முப்பது ஆண்டு பாடுபட்டுப் பெற்றதை அழிப்பதாகும். முடக்குவாதம் என்னும் மூட்டழற்சி நோய்க்கு மருத்துவர் தரும் மருந்தை நிறுத்தினால் மூட்டு மீளாத வகையில் சிதையும். வலியுடன் காய்ச்சல், காரணமற்ற எடைக்குறைவு, காலில் உணர்விழப்பு, சிறுநீர் அல்லது மலம் கட்டுப்பாடின்றி வெளியேறுதல் ஆகியவற்றுள் ஒன்று காணினும் பயிற்சியைப் பற்றிப் பேசாமல் உடனே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். நெஞ்சுவலியை 'வாயு' என்று கருதி வெந்நீர் பருகி வீட்டிலிருந்து மாண்டவர் எத்தனையோ பேர். களப்பணியாளர் எந்நாளும் மறக்கலாகாத செய்தி இது.

இதனை ஊர்தோறும் நடத்துவது இயலுமா என்னும் ஐயம் எழலாம். திருவனந்தபுரம் மாவட்டத்திலேயே ஒரு முன்மாதிரி உண்டு. பலராமபுரம் அடங்கிய நெய்யாற்றின்கரை வட்டத்தில் 60 வாக்குச்சாவடிப் பகுதிகளைச் சேர்ந்த 1007 பேரைக் கொண்டு நீரிழிவுத் தடுப்புத் திட்டமொன்று நடத்தப்பட்டது. அதில் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தின் அச்சுத மேனன் மையத்தாருக்குப் பங்கு உண்டு. ஊராருள் ஒருவரே தலைவராகிக் குழுவைக் கூட்டி, உணவையும் நடையையும் பற்றிப் பேசினார். 2018-இல் வெளிவந்த முடிவின்படி, நீரிழிவு புதிதாகத் தோன்றுவது எதிர்பார்த்த அளவு குறையவில்லை. ஆயினும் காய்கனி உண்பது கூடிற்று. உடலின் இயங்குதிறன் மேம்பட்டது. வலியுற்றோர்க்கு வேண்டுவது அந்த இயங்குதிறனே. 1998-இல் தொடங்கிய குடும்பஸ்ரீயின் அண்டைவீட்டுப் பெண்கள் குழுக்கள் தவறாது கூடுகின்றன. அக்கூட்டத்தின் முதல் 15 நிமிடத்தைப் பயிற்சிக்கு ஒதுக்க எவருடைய ஆணையும் தேவையில்லை. தனியே செய்யும் பயிற்சி மூன்று வாரத்தில் நின்றுவிடும். கூடிச் செய்வது நிலைக்கும்.

ஆசிரியர்க்கும் இதில் பங்குண்டு. உடற்பயிற்சி வகுப்பைக் கணக்குப் பாடத்திற்குக் கடன் கொடுக்கும் வழக்கம் எங்கும் உள்ளது. கடன் திரும்பி வருவதில்லை. உயிரியல் பாடத்தில் செரிமானத்தைக் கற்பிக்கும் ஆசிரியர், சிறுகுடலோடு நின்றுவிடாமல் பெருங்குடலின் பாக்டீரியாக்களுக்கும் ஒரு வகுப்பு ஒதுக்கலாம். வலி என்பது எப்போதும் சேதத்தின் அளவைக் காட்டுவதன்று என்னும் ஒரு கருத்தைப் பன்னிரண்டு வயதில் கற்ற மாணவி, வீட்டில் 'தேய்மானம்' என்று படுத்திருக்கும் பாட்டியை வாசல்வரை கைபிடித்து நடத்திச் செல்லக்கூடும்.

ஊராட்சிச் செவிலியின் பதிவேட்டில் ஒரு மாற்றம் தேவை. வலிக்கு எத்தனை மாத்திரை வழங்கப்பட்டது என்பதற்கு அங்கே இடம் உண்டு. நோயாளி சென்ற வாரம் செய்ய இயலாத எதனை இந்த வாரம் செய்தார் என்பதற்கும் ஒரு பத்தி கோடிட்டுச் சேர்க்கலாம்: கிணற்றடி வரை நடந்தார்; தரையில் அமர்ந்து எழுந்தார்; பேரனைத் தூக்கினார். வலியின் அளவை எண்ணால் கேட்டால் பலர் எப்போதும் பத்துக்குப் பத்து என்பர். கிணற்றடிக்குச் சென்றாரா என்று கேட்டால் உண்டு, இல்லை என்று ஒரு விடை கிடைக்கும்.